நாற்பத்தைந்து வாட்

எண்பத்திரண்டாம் வருஷத்து யெஸ்டி.
ஆறு வோல்ட் பேட்டரி.
டைனமோ தருவது நாற்பத்தைந்து வாட்,
அதுவும் வண்டி ஓடினால்.
அஞ்செட்டி மேட்டில் இரண்டாம் கியரில் திணறும்போது
ஹெட்லைட்டில் மிஞ்சுவது
ஒரு பீடியின் கனல்.

தேன்கனிக்கோட்டை தஸ்தகீரிடம் சொன்னேன்:
நூறு வாட் பல்பு ஒன்று போட்டுவிடுங்கள்,
ராத்திரியில் மலைக்குப் போகவேண்டியிருக்கிறது.
அவர் நிமிரவில்லை.
"வருமானம் எவ்வளவு?"
என் சம்பளத்தைக் கேட்கிறார் என்று
ஒரு கணம் காது சூடானது.

காலண்டர் தாளின் முதுகில் எழுதினார்.
பிளக்கில் பொறி பறக்க இருபது,
பின்விளக்குக்கு ஐந்து,
முன்விளக்குக்கு முப்பத்தைந்து.
பிரேக்கை மிதித்தால் தனி.
ஆரன் அடித்தால் கேட்கவே வேண்டாம்.
"இப்பவே கடன்லதான் ஓடுது.
ராத்திரி வாங்குறீங்க, பகல்ல அடைக்கிறீங்க."

மீட்டரின் இரண்டு முட்களை நீட்டினார்.
பேட்டரியில் ஆறு புள்ளி ஒன்று,
பல்பின் காலடியில் நாலு புள்ளி ஆறு.
நடுவில் ஒன்றரை வோல்ட்டை யார் தின்றது
என்று தேடவே ஒரு மத்தியானம்.
நாற்பது வருஷத்துக் கம்பி தின்றிருந்தது.
பச்சை பூத்த சுவிட்சு தின்றிருந்தது.
எர்த் போல்ட்டுக்கு அடியில்
எவனோ அழகுக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட்
சத்தமில்லாமல் தின்றிருந்தது.
உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சிட்டதும்
அதே பழைய பல்பு
எதிர்ச் சுவரில் இருந்த சினிமா போஸ்டரைப் படித்தது.

அப்புறம்தான் பல்பை மாற்றினார்.
ஆறு வோல்ட்டுக்குச் சம்மதிக்கும் எல்.இ.டி., பன்னிரண்டு வாட்,
பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தது.
தடித்த புதுக் கம்பி. ஒரு ரிலே.
"எதிர்ல வர்றவனும் வீடு போகணும்" என்று
முகப்பைக் கொஞ்சம் குனியவைத்தார்.
ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.
மிச்சம் எட்டு வாட்.
"அதுல பாட்டுப் பொட்டி கிட்டி மாட்டிடாதீங்க.
இருக்கட்டும்."

மார்கழியில் சித்தம்மா கூப்பிட்டாள்.
உரிகத்துக்கும் மேலே வீடு.
"ஒரு கால்தான் வந்திருக்கு, தலையே காணோம், சீக்கிரம் வாங்க."

பாதி வழியில் ரோட்டில் சாணம்.
ஆவி பறந்தது.
எந்த மாடும் அவ்வளவு போடாது.
விளக்கை அணைத்தேன், எஞ்சினை அணைத்தேன்.
மூங்கில் முறியும் சத்தம்
வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போய்த் தேயும்வரை
கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்றேன்.
அந்த நேரத்துச் செலவு: பூஜ்யம்.

கொட்டகையில் கரண்டு இல்லை.
சித்தம்மாவின் மகன் கையில்
நாலு சதவீதச் செல்போன்.
வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தினேன்.
எஞ்சின் சத்தத்துக்கு மாடு மிரண்டது, அணைத்துவிட்டேன்.
இனி பேட்டரியில் இருப்பதுதான்.
வளையல்களைக் கழற்றிச் சைடு ஸ்டாண்டில் மாட்டி,
சோப்பு நுரையோடு தோள்வரை கையை விட்டேன்.
உள்ளே வெளிச்சம் எதற்கு, விரல் போதும்.
மடங்கிய முழங்கால். பின்னால் திரும்பிய கழுத்து.
வெளியே கயிறு பிடிப்பவனுக்குத்தான்
எங்கே இழுப்பது என்று தெரியவேண்டும்.

பழைய பல்பு கால்மணியில் சிவந்திருக்கும்.
இது ஐம்பது நிமிஷம் அசையவில்லை.
கிடாரிக்கன்று.
எழுந்து விழுந்து எழுந்தபோது
அதன் நிழல் சுவரில் எருமையளவு இருந்தது.
சித்தம்மா சிரித்தாள், பிறகு அழுதாள்,
பிறகு அந்த விளக்கு என்ன விலை என்று கேட்டாள்.

நாலாவது உதையில் வண்டி பிடித்தது.
வளையல்களை அங்கேயே மறந்துவிட்டேன் என்பது
இறக்கத்தில்தான் தெரிந்தது.
கிழக்கு வெளுத்திருந்தது.
ஹெட்லைட்டை அணைத்தேன்.
வேகம் கூடக் கூட
சிவப்புச் சார்ஜ் விளக்கு மங்கி, அணைந்து,
டைனமோ அடைக்கத் தொடங்கியது
ராத்திரி வாங்கியதை.